சொந்த மண்ணில் தோற்ற முதலமைச்சர்: 1967-ல் பக்தவத்சலத்தை வீழ்த்தியது எது?

தேர்தல் வந்துவிட்டால் பூந்தமல்லி, ஆவடி, அம்பத்தூர் பக்கம் டீக்கடைகளில் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. சிட்டிங் எம்.எல்.ஏ. மறுபடியும் ஜெயிப்பாரா, மாட்டாரா? தொகுதிக்கு நிறைய செய்திருக்கிறார், அதனால் ஜெயிப்பார் என்பார் ஒருவர். செய்தது இருக்கட்டும், ஜனங்க கோபமா இருக்காங்களே என்பார் இன்னொருவர். இந்த வாதத்துக்கு இதே வட்டாரத்தில் பிறந்த ஒருவருடைய வாழ்க்கையே பெரிய பாடம். அவர் வெறும் சிட்டிங் எம்.எல்.ஏ. இல்லை, சிட்டிங் முதலமைச்சர்.

அவர் பெயர் எம். பக்தவத்சலம். தமிழ்நாட்டின் கடைசி காங்கிரஸ் முதலமைச்சர். 1967 சட்டமன்றத் தேர்தலில் ஸ்ரீபெரும்புதூர் தொகுதியில் தோற்றார். அதற்குப் பிறகு இன்றுவரை காங்கிரஸ் இந்த மாநிலத்தில் தன் தலைமையில் ஆட்சி அமைக்கவில்லை.

ஏன் தோற்றார்? மொழியும் அரிசியும் என்று ஒரே வரியில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் அவருடைய வாழ்க்கையை முழுதாகப் பார்த்தால் ஆச்சரியமான ஒரு விஷயம் தெரியும். இந்த இரண்டு ஆபத்துகளையுமே அவர் அதற்கு முன்பு ஒரு தடவை கிட்ட இருந்து பார்த்தவர். ஒன்றை 1938-ல், மற்றொன்றை 1952-ல்.

யார் இந்த பக்தவத்சலம்?

சென்னீர்குப்பத்திலிருந்து பூந்தமல்லிக்கு வந்து, அங்கிருந்து பெங்களூர் நெடுஞ்சாலையில் மேற்கே கொஞ்ச தூரம் போனால் நசரத்பேட்டை வரும். இன்று அது திருவள்ளூர் மாவட்டம். அப்போது செங்கல்பட்டு மாவட்டம். அந்த ஊரில் 1897 அக்டோபர் 9-ம் தேதி பக்தவத்சலம் பிறந்தார். பெயருக்கு முன்னால் இருக்கும் எம் என்ற எழுத்து மீஞ்சூரைக் குறிக்கும்.

அப்பா கனகசபாபதி முதலியார். பையனுக்கு ஐந்து வயதாகும்போதே அவர் இறந்துவிட்டார். அதன் பிறகு வளர்த்தது உறவினர்கள். அவர்களில் முக்கியமானவர் சி.என். முத்துரங்க முதலியார். பிற்காலத்தில் தமிழ்நாடு காங்கிரஸின் பெரிய தலைவர்களில் ஒருவர். வீட்டிலேயே அரசியல் இருந்தது என்பதால் பக்தவத்சலம் அதைத் தேடிப் போக வேண்டியிருக்கவில்லை.

சென்னையில் படித்தார். சட்டக் கல்லூரி முடித்து உயர் நீதிமன்றத்தில் வழக்கறிஞரானார். 1920-களிலேயே காங்கிரஸ் வேலைகளில் இறங்கிவிட்டார். 1930-ல் ராஜாஜி தலைமையில் நடந்த வேதாரண்யம் உப்பு சத்தியாகிரகத்தில் கலந்துகொண்டார். 1932-ல் சிறை. 1940-ல் தனிநபர் சத்தியாகிரகம். 1942-ல் வெள்ளையனே வெளியேறு இயக்கத்தின்போது மறுபடி சிறை.

காமராஜரைப் போல கிராமம் கிராமமாகச் சுற்றிக் கூட்டம் சேர்த்தவர் இல்லை. ராஜாஜியைப் போல எழுத்தாலும் பேச்சாலும் அசர வைத்தவரும் இல்லை. சட்டம் தெரிந்தவர், கோப்பு பார்க்கத் தெரிந்தவர், நிர்வாகம் தெரிந்தவர். இதுதான் அவருடைய பலம். பின்னாளில் பலவீனமாக ஆனதும் இதுவேதான்.

முதல் எச்சரிக்கை: 1938

1937 தேர்தலில் திருவள்ளூரிலிருந்து சென்னை மாகாண சட்டமன்றத்துக்குத் தேர்வானார் பக்தவத்சலம். ராஜாஜி பிரதமர். அப்போது மாகாண முதல்வரை அப்படித்தான் அழைப்பார்கள். அந்த ஆட்சியில் உள்ளாட்சித் துறைக்கு பார்லிமெண்டரி செக்ரட்டரியாக பக்தவத்சலம் இருந்தார்.

1938-ல் ராஜாஜி அரசு பள்ளிகளில் இந்தியைக் கட்டாயப் பாடமாக்கியது. எதிர்ப்பு வெடித்தது. பெரியார் சிறைக்குப் போனார். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கைதானார்கள். நடராசன், தாளமுத்து என்ற இரண்டு இளைஞர்கள் சிறைவாசத்தின் விளைவாக 1939-ல் உயிரிழந்தார்கள். உலகப் போரையொட்டி காங்கிரஸ் அரசுகள் பதவி விலகின. அதன் பிறகு 1940-ல் கட்டாய இந்தி உத்தரவைப் பிரிட்டிஷ் ஆளுநர் திரும்பப் பெற்றார்.

ஒரு மொழிப் பாடம் எவ்வளவு பெரிய நெருப்பாக மாறும் என்பதை ஆட்சியின் உள்ளே உட்கார்ந்து பார்த்தவர் பக்தவத்சலம்.

இரண்டாவது எச்சரிக்கை: 1952

சுதந்திரம் வந்தது. 1947-ல் அமைந்த ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் அமைச்சரவையில் பக்தவத்சலம் பொதுப்பணித் துறையைக் கவனித்தார். அடுத்து வந்த குமாரசாமி ராஜா ஆட்சியிலும் அமைச்சர்.

1952-ல் எல்லோருக்கும் வாக்குரிமை தந்த முதல் பொதுத் தேர்தல் நடந்தது. அப்போது உணவுத் தட்டுப்பாடு உச்சத்தில் இருந்தது. ரேஷன், கட்டுப்பாடு, கொள்முதல் என்று விவசாயிக்கும் கோபம், வாங்கிச் சாப்பிடுபவருக்கும் கோபம். விளைவு? ஸ்ரீவில்லிபுத்தூரில் முதலமைச்சர் குமாரசாமி ராஜாவே தோற்றார். அவருடைய அமைச்சர்களில் பலரும் தோற்றார்கள். அந்தப் பட்டியலில் பக்தவத்சலத்தின் பெயரும் இருந்தது.

சென்னை மாநிலத்தில் காங்கிரஸுக்குத் தனிப் பெரும்பான்மை கிடைக்கவில்லை. ராஜாஜியை அழைத்து வந்துதான் ஆட்சி அமைக்க வேண்டியிருந்தது. அவர் வந்த சில மாதங்களில், 1952 ஜூனில், உணவுக் கட்டுப்பாட்டை நீக்கினார். சந்தையில் அரிசி வந்தது. ஜனங்களிடம் நல்ல பெயரும் கிடைத்தது.

அரிசி கிடைக்காவிட்டால் சுதந்திரப் போராட்டத் தியாகமும் ஓட்டைக் காப்பாற்றாது. பக்தவத்சலம் இதைத் தன் தோல்வியிலேயே பார்த்துவிட்டார்.

ஸ்ரீபெரும்புதூர் அவர் தொகுதி ஆனது

1954-ல் ராஜாஜி விலகினார், காமராஜர் முதலமைச்சரானார். தலைமைப் போட்டியில் தனக்கு எதிர்ப்பக்கம் நின்ற சி. சுப்பிரமணியத்தையும் பக்தவத்சலத்தையும் காமராஜர் ஒதுக்கவில்லை. இரண்டு பேரையும் அமைச்சரவையில் சேர்த்துக்கொண்டார். 1956-ல் தமிழை ஆட்சிமொழியாக்கிய சட்டம் கொண்டுவந்தது இந்த அமைச்சரவைதான். பின்னாளில் காங்கிரஸையே தமிழுக்கு எதிரி என்று பேசியபோது இது பலருக்கு மறந்துபோயிருந்தது.

1957-ல் பக்தவத்சலம் ஸ்ரீபெரும்புதூரில் வென்றார். 1962-ல் மறுபடியும் வென்றார். நசரத்பேட்டையிலிருந்து அதே நெடுஞ்சாலையில் இன்னும் மேற்கே போனால் ஸ்ரீபெரும்புதூர். சொந்த மண், சொந்த ஜனங்கள். முதலில் உள்துறை, அப்புறம் நிதி, கல்வி என்று கனமான இலாகாக்கள் அவர் கைக்கு வந்தன.

1962-ல் மாநிலம் முழுவதும் காங்கிரஸுக்கு 206-ல் 139 இடங்கள். ஆனால் அந்தத் தேர்தலில் கவனிக்க வேண்டிய எண் வேறு. தி.மு.க. 50 இடங்களைப் பிடித்தது. 1957-ல் அதற்குக் கிடைத்தது வெறும் 15.

இந்த வளர்ச்சி காமராஜரை யோசிக்க வைத்தது. மூத்த தலைவர்கள் பதவியை விட்டுக் கட்சி வேலைக்குப் போக வேண்டும் என்ற தன் திட்டப்படி, 1963 அக்டோபர் 2-ம் தேதி அவரே முதலமைச்சர் பதவியை விட்டு விலகினார். அந்த நாற்காலியில் பக்தவத்சலம் உட்கார்ந்தார். அப்போது அவருக்கு 65 வயது முடியும் தறுவாய்.

ஆட்சியில் என்ன செய்தார்?

காமராஜர் போட்ட பாதையை அவர் மாற்றவில்லை. தொழில் வளர்ச்சி தொடர்ந்தது. அம்பத்தூர் தொழிற்பேட்டை 1964-ல் உருவானது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஏக்கரில், பட்டறையும் சிறு தொழிற்சாலையுமாகச் சென்னையின் மேற்குப் புறத்தையே மாற்றிய இடம் அது. ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலை மத்திய அரசுடையது. அங்கிருந்து முதல் விஜயந்தா டாங்கி 1965 டிசம்பரில் வெளியே வந்ததும் இதே காலத்தில்தான்.

ஆக, இந்த வட்டாரத்துக்கு வேலைவாய்ப்பு வரவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. சென்னீர்குப்பம் மாதிரி ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் நடுவில் இருக்கும் ஊர்களில் இருந்து பிள்ளைகள் சைக்கிளில் ஃபேக்டரி வேலைக்குப் போகும் காலத்துக்கு அப்போதுதான் கதவு திறந்தது. தொகுதிக்கு நிறைய செய்தவர் ஜெயிப்பார் என்ற டீக்கடை வாதம் உண்மையாக இருந்தால் பக்தவத்சலம் ஜெயித்திருக்க வேண்டும்.

ஆனால் தொழிற்சாலை பலன் தர பத்து வருஷம் ஆகும். அடுப்புக்கு அரிசி இன்றைக்கே வேண்டும்.

மொழி: 1965-ல் என்ன நடந்தது?

1965 ஜனவரி 26-ம் தேதி முதல் இந்தி நாட்டின் ஆட்சிமொழியாகும் என்று அரசியலமைப்புச் சட்டம் சொன்னது. ஆங்கிலம் தொடரலாம் என்று 1963-ல் ஒரு சட்டம் வந்தது. ஆனால் அந்தச் சட்டத்தின் வார்த்தைகளில் உறுதி போதாது என்ற பயம் தமிழ்நாட்டில் இருந்தது.

1964 ஜனவரியில் திருச்சியில் சின்னச்சாமி தீக்குளித்து இறந்தார். இதற்கு இரண்டே மாதத்தில், 1964 மார்ச்சில், தமிழ், ஆங்கிலம், இந்தி என்ற மும்மொழித் திட்டத்தைச் சட்டமன்றத்தில் பக்தவத்சலம் முன்வைத்தார். மத்திய அரசின் கொள்கை அது. அதை ஏற்பதே நாட்டு ஒற்றுமைக்கு நல்லது என்று அவர் நம்பினார். பதவிக்காகச் சொன்னார் என்று தள்ளிவிட முடியாது. பதவி போன பிறகும், வயதான காலத்திலும், அதே கருத்தை எழுத்தில் வாதாடியவர் அவர்.

1965 குடியரசு தினத்தைத் துக்க நாளாக அனுசரிக்கப் போவதாக தி.மு.க. அறிவித்தது. அதை அனுமதிக்க முடியாது என்று முதலமைச்சர் எச்சரித்தார். தி.மு.க. ஒரு நாள் முன்னதாக, 25-ம் தேதிக்கு மாற்றியது. அண்ணா உட்படப் பல தலைவர்கள் கைதானார்கள். ஆனால் போராட்டம் அதற்குள் கட்சிகளின் கையை விட்டு மாணவர்களின் கைக்குப் போயிருந்தது. மதுரையில் மாணவர் ஊர்வலத்தில் கைகலப்பு மூண்டது. அது மாநிலம் முழுக்கப் பரவியது.

அடுத்த இரண்டு வாரங்களில் நடந்தது தமிழ்நாடு அதுவரை பார்க்காதது. ரயில் மறியல், தீவைப்பு, துப்பாக்கிச் சூடு. சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் ராஜேந்திரன் போலீஸ் குண்டுக்குப் பலியானார். பொள்ளாச்சியில் துப்பாக்கிச் சூட்டில் பலர் இறந்தார்கள். அரசுக் கணக்கின்படி மொத்தம் சுமார் 70 பேர் உயிரிழந்தார்கள். அதில் போலீஸ்காரர்களும் உண்டு. உண்மை எண்ணிக்கை இன்னும் அதிகம் என்ற பேச்சு இன்றுவரை இருக்கிறது.

பக்தவத்சலம் இதைச் சட்டம் ஒழுங்குப் பிரச்சினையாகத்தான் பார்த்தார். உள்துறை பார்த்த கண். கலவரத்தை அடக்கினால் அமைதி திரும்பும் என்பது கணக்கு. ஆனால் பிப்ரவரி 11-ம் தேதி டெல்லியில் மத்திய அமைச்சர்கள் சி. சுப்பிரமணியமும் ஓ.வி. அழகேசனும் ராஜினாமா கடிதம் கொடுத்தார்கள். இருவரும் அவருடைய சொந்தக் கட்சிக்காரர்கள், தமிழர்கள். அதே நாள் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி வானொலியில் பேசி, ஆங்கிலம் தொடரும் என்று உறுதி கொடுத்தார். டெல்லியே இறங்கி வந்துவிட்டது. சென்னையில் முதலமைச்சர் மட்டும் தன் நிலையில் நின்றார்.

ஒரு வீட்டில் பிள்ளை அடிபட்டு வந்தால் அந்த வீட்டு ஓட்டு மாறும். தெருவில் ஒரு பிள்ளை செத்தால் அந்தத் தெருவே மாறும். 1965-ல் கல்லூரியில் படித்த பையன்கள் 1967-ல் அதே மாதிரி வீடு வீடாகப் போய் தி.மு.க.வுக்கு ஓட்டுக் கேட்டார்கள்.

அரிசி: வீட்டுக்குள் வந்த பிரச்சினை

மொழிப் பிரச்சினை கல்லூரிகளையும் ஊர்வலங்களையும் கொதிக்க வைத்தது என்றால், அரிசிப் பிரச்சினை ஒவ்வொரு வீட்டுச் சமையலறைக்கும் போனது.

1965-66, 1966-67 என்று அடுத்தடுத்து இரண்டு வருஷம் நாடு முழுவதும் கடுமையான வறட்சி. அமெரிக்காவிலிருந்து பி.எல். 480 திட்டத்தில் கப்பல் கப்பலாகக் கோதுமை வந்துகொண்டிருந்தது. வாரத்தில் ஒரு வேளை சாப்பாட்டை விட்டுக்கொடுங்கள் என்று சாஸ்திரி மக்களைக் கேட்டுக்கொண்ட காலம் அது. 1966 ஜூனில் ரூபாயின் மதிப்பைக் குறைத்தார்கள். விலைவாசி மேலும் ஏறியது.

இதில் ஒரு மாநில முதலமைச்சர் என்ன செய்ய முடியும் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். மழை அவர் கையில் இல்லை. ரூபாய் மதிப்பும் அவர் கையில் இல்லை. மாநில எல்லை தாண்டி அரிசி போக்குவரத்துக்கு இருந்த கட்டுப்பாடு மத்திய அரசின் கொள்கை. ஆனால் ரேஷன் கடை வரிசையில் நிற்பவருக்கு இந்தக் கணக்கெல்லாம் தேவையில்லை. சோறு சாப்பிட்டுப் பழகிய வீட்டில் கோதுமையும் மைலோ சோளமும் கொடுத்தால் யாரைத் திட்டுவார்கள்? முதலமைச்சரைத்தான்.

எதிர்க்கட்சி மேடைகளில் அவருடைய பெயரையும் அரிசி விலையையும் எதுகையில் சேர்த்த கோஷம் ஒன்று பிறந்தது. சின்னப் பிள்ளைகள்கூடத் தெருவில் அதைச் சொல்லிக்கொண்டு ஓடினார்கள். பெயரோடு ஒட்டிக்கொண்ட கோஷத்தை எந்த நிர்வாகத் திறமையாலும் கழற்ற முடியவில்லை.

எதிரே அண்ணா எளிமையான ஒரு வாக்குறுதி கொடுத்தார். ரூபாய்க்கு மூன்று படி அரிசி தருவது இலக்கு, ஒரு படி தருவது உறுதி. இது நடக்காது, கஜானா தாங்காது என்று காங்கிரஸ் சொன்னது. கணக்குப் பார்த்தால் காங்கிரஸ் சொன்னதில் உண்மை இருந்தது. ஆட்சிக்கு வந்த பிறகு 1967 மே மாதம் சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படி திட்டத்தை அண்ணா தொடங்கினார். நிதி இல்லாததால் மாநிலம் முழுக்கக் கொண்டுபோக முடியவில்லை. ஆனால் 1967 பிப்ரவரியில் வாக்காளர் கேட்டது கணக்குப் பாடம் இல்லை. எங்கள் பசி உங்களுக்குத் தெரிகிறதா என்பதுதான் அவர் கேள்வி.

கூட்டணி: ஓட்டைவிட முக்கியமான கணக்கு

சரி, மொழி, அரிசி இரண்டும் சேர்ந்து காங்கிரஸ் ஓட்டை அழித்துவிட்டதா? இங்கேதான் பலர் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள்.

1962-ல் காங்கிரஸ் வாங்கியது சுமார் 46 சதவீத ஓட்டு. 1967-ல் சுமார் 41 சதவீதம். குறைந்தது ஐந்து சதவீதம் மட்டுமே. அதே 1967-ல் தி.மு.க. தனியாக வாங்கியது சுமார் 40.7 சதவீதம். அதாவது, ஒரு கட்சி என்று எடுத்துக்கொண்டால் தோற்ற காங்கிரஸ்தான் அதிக ஓட்டு வாங்கியது.

ஆனால் இடங்கள்? மொத்தம் 234-ல் தி.மு.க.வுக்கு 137. காங்கிரஸுக்கு 51.

இந்த வித்தியாசத்துக்குக் காரணம் கூட்டணி. காங்கிரஸ் ஏறத்தாழ எல்லாத் தொகுதியிலும் தனியாக நின்றது. தி.மு.க. 174 இடங்களில் மட்டும் நின்று, மிச்சத்தை மற்றவர்களுக்கு விட்டது. ராஜாஜியின் சுதந்திரா கட்சி, மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட், முஸ்லிம் லீக், சோசலிஸ்ட் கட்சிகள், ம.பொ.சி.யின் தமிழரசுக் கழகம், சி.பா. ஆதித்தனாரின் நாம் தமிழர் என்று ஒன்றுக்கொன்று ஒட்டாத கட்சிகளை அண்ணா ஒரே பந்தலின் கீழ் உட்கார வைத்தார். முந்தைய தேர்தல்களில் பல பக்கம் சிதறிய காங்கிரஸ் எதிர்ப்பு ஓட்டு, ஒவ்வொரு தொகுதியிலும் ஒரே வேட்பாளர் பின்னால் சேர்ந்தது.

இதில் பெரிய முரண் ராஜாஜி. 1938-ல் கட்டாய இந்தியைக் கொண்டுவந்த அதே ராஜாஜி, இப்போது இந்தித் திணிப்பை எதிர்க்கும் அணியில். 1938-ல் அவரை எதிர்த்துச் சிறை போன பெரியார், இப்போது காமராஜருக்காகக் காங்கிரஸ் பக்கம். ராஜாஜியிடம் அரசியல் பழகிய பக்தவத்சலம், அந்த ராஜாஜி ஆதரித்த அணியிடமே தோற்கப் போகிறார்.

பக்கத்துத் தொகுதியில் ஒரு சுவரொட்டி

தேர்தலுக்குச் சில வாரங்கள் முன்னால், 1967 ஜனவரி 12-ம் தேதி, ராமாவரம் தோட்டத்து வீட்டில் எம்.ஜி.ஆரை எம்.ஆர். ராதா துப்பாக்கியால் சுட்டார். மவுண்ட் - பூந்தமல்லி சாலையை ஒட்டிய இடம் அது. கழுத்தில் கட்டுடன் ஆஸ்பத்திரியில் இருக்கும் எம்.ஜி.ஆரின் படம் மாநிலமெங்கும் சுவரொட்டியாக வந்தது. பரங்கிமலைத் தொகுதியில் தி.மு.க. வேட்பாளர் அவர். ஓட்டுக் கேட்டுத் தெருவில் இறங்காமலே பெரிய வித்தியாசத்தில் ஜெயித்தார்.

சென்னையின் மேற்குப் புறத்தில் இருந்த மக்களுக்கு இது நம்ம ஏரியாவில் நடந்த சம்பவம். ஏற்கெனவே எதிராக வீசிய காற்றுக்கு அனுதாபமும் சேர்ந்துகொண்டது. அந்தத் தேர்தலில் மாநிலம் முழுக்க 76 சதவீதத்துக்கும் மேல் வாக்குப் பதிவானது. 1962-ஐ விட ஆறு சதவீதம் அதிகம். வழக்கமாக ஓட்டுப் போடாதவர்கள் வரிசையில் வந்து நின்றால் அது பெரும்பாலும் பதவியில் இருப்பவருக்கு நல்ல செய்தி இல்லை.

முடிவு வந்த நாள்

ஸ்ரீபெரும்புதூரில் முதலமைச்சரை எதிர்த்து தி.மு.க. நிறுத்தியது டி. ராஜரத்தினத்தை. மாநிலமே அறிந்த பெரிய பெயர் இல்லை. முடிவு வந்தபோது ராஜரத்தினம் சுமார் ஒன்பதாயிரம் ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்திருந்தார். பத்து வருஷமாகத் தன் கையில் இருந்த தொகுதியை, பிறந்த ஊரின் பக்கத்திலேயே, ஒரு முதலமைச்சர் இழந்தார்.

அவர் மட்டுமில்லை. விருதுநகரில் காமராஜரே மாணவர் தலைவராக இருந்த பெ. சீனிவாசனிடம் 1,285 ஓட்டில் தோற்றார். போட்டியிட்ட அமைச்சர்களில் தப்பியவர் ஜி. பூவராகன் ஒருவர்தான். நாடாளுமன்றத் தேர்தலில் தி.மு.க. தான் நின்ற 25 தொகுதிகளிலும் ஜெயித்தது.

தோல்விக்குப் பிறகு பக்தவத்சலம் சொன்ன ஒரு கருத்து இன்றும் அரசியல் மேடைகளில் நினைவுகூரப்படுகிறது. தமிழ்நாட்டில் விஷக் கிருமிகள் பரவிவிட்டதாக அவர் சொன்னார். ஜனங்கள் கொடுத்த தீர்ப்பை நோயாகப் பார்த்தார் என்று எதிர்த்தரப்பு பிடித்துக்கொண்டது. அவரை மதித்தவர்களுக்கும் அது நெருடியது. 1967 மார்ச் 6-ம் தேதி அண்ணா முதலமைச்சரானார். 1968 ஜனவரியில் தமிழும் ஆங்கிலமும் மட்டும் என்ற இருமொழிக் கொள்கையைச் சட்டமன்றம் தீர்மானமாக நிறைவேற்றியது. பக்தவத்சலம் 1964-ல் அதே அவையில் முன்வைத்த திட்டம் அத்தோடு முடிந்தது.

பிடிவாதக்காரரா?

எதற்கும் வளையாதவர் என்று அவரைச் சொல்வது சரியாக இருக்காது. கன்னியாகுமரியில் விவேகானந்தர் பாறை நினைவுச் சின்னம் கட்ட முதலில் அவர் சம்மதிக்கவில்லை. ஏக்நாத் ரானடே 300-க்கும் மேற்பட்ட எம்.பி.க்களின் கையெழுத்தை வாங்கி வந்த பிறகு அனுமதி கொடுத்தார். மேலிருந்து, முறைப்படி, காகிதத்தில் வந்த கோரிக்கையை அவரால் படிக்க முடிந்தது. தெருவிலிருந்து, கூச்சலாக, கல்லெறியாக வந்ததை அவரால் கோரிக்கையாகப் பார்க்க முடியவில்லை.

காமராஜருக்கும் அவருக்கும் இருந்த வித்தியாசமும் இதுதான். காமராஜர் முதலமைச்சராக இருந்தபோதும் கட்சிக்காரராகவே ஊர் சுற்றினார். பக்தவத்சலம் முதலமைச்சரானதும் முழுநேர நிர்வாகியாக ஆனார். 1938-ம் 1952-ம் அவருக்குத் தெரியாத விஷயங்கள் இல்லை. ஆனால் அவை இரண்டும் வேறு முதலமைச்சர்களின் காலத்தில் நடந்தவை. தானே அந்த நாற்காலியில் உட்கார்ந்தபோது, சட்டப்படி சரியாக நடக்கிறோம் என்ற நம்பிக்கை, பழைய அனுபவத்தை மறைத்துவிட்டது.

இருபது வருஷம் கழித்து

தோல்விக்குப் பிறகு பக்தவத்சலம் மெல்ல மெல்ல அரசியலின் நடுவிலிருந்து விலகினார். சுதந்திரப் போராட்ட நினைவுகளை எழுதினார். அவர் மீது வந்த விமர்சனம் கொள்கையைப் பற்றியது, ஆட்சியைப் பற்றியது. சொத்துச் சேர்த்தார் என்ற பெயரோடு அவர் போகவில்லை. 1987 பிப்ரவரி 13-ம் தேதி, 89 வயதில் காலமானார். கிண்டி காந்தி மண்டப வளாகத்தில், ராஜாஜி, காமராஜர் நினைவிடங்களோடு அவருக்கும் நினைவிடம் இருக்கிறது.

அம்பத்தூரை ஒட்டிய கொரட்டூரில் அவர் பெயரில் மகளிர் கல்லூரி ஒன்று நடக்கிறது. மகள் சரோஜினி வரதப்பன் சமூக சேவகியாகப் பத்ம பூஷண் விருது பெற்றவர். பேத்தி ஜெயந்தி நடராஜன் மத்திய அமைச்சராக இருந்தவர்.

பதவியில் இருக்கும் முதலமைச்சர் சொந்தத் தொகுதியில் தோற்பது அவரோடு நின்றுவிடவில்லை. 1996-ல் பர்கூரில் ஜெயலலிதா எட்டாயிரத்துச் சொச்சம் ஓட்டில் தி.மு.க. வேட்பாளர் இ.ஜி. சுகவனத்திடம் தோற்றார். அப்போதும் ஆட்சி மீது கோபம் இருந்தது, எதிரே பலமான கூட்டணியும் இருந்தது. 1952, 1967, 1996 மூன்றையும் வரிசையாக வைத்துப் பார்த்தால், வேட்பாளர் யார் என்பதைவிட அந்த வருஷம் வீட்டில் என்ன நிலைமை என்பதே ஓட்டைத் தீர்மானித்தது தெரியும்.

1967 சொல்லிக்கொடுத்த பாடத்தை அதன் பிறகு வந்த எந்த ஆட்சியும் மறக்கவில்லை. தமிழ்நாட்டில் எந்தக் கட்சி வந்தாலும் ரேஷன் அரிசியில் கை வைப்பதில்லை. இருமொழிக் கொள்கையிலும் கை வைப்பதில்லை. அப்படிப் பார்த்தால், இந்த மாநிலத்தில் ஜெயித்த பல முதலமைச்சர்களின் தேர்தல் அறிக்கையை எழுதியதில் ஸ்ரீபெரும்புதூரில் தோற்ற பக்தவத்சலத்துக்கும் பங்கு உண்டு.